ரஃபிகுலுக்குப் புரிந்த அறிவிப்பு

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில் யாரை நிறுத்தி மைக்செட் பாண்டுரங்கன் என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள், குரலைக் கேட்டிருப்பார்கள். அவர் என் அக்கா மஹாலட்சுமியின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. நான் பிரியா, எதிர்வீட்டில் இருக்கிறேன், ஒயரிங் கம்பெனி ஒன்றில் லைன் இன்ஸ்பெக்டர். அந்தக் குரலைக் காலையும் மாலையும் கேட்டுக் காது புளித்தவள் என்ற முறையில் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

மைக் இல்லாத மாமாவை நீங்கள் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒல்லி ஆள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே பாதிதான் கேட்கும். "இன்னாங்க, வாய்க்குள்ளியே முனகிக்கினு கீறீங்க" என்று அக்கா கத்தாத நாளில்லை. இரண்டாம் முறை சொல்லச் சொன்னால் வெட்கப்பட்டு விட்டுவிடுவார். ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டால் அந்த ஒல்லி உடம்பிலிருந்து எங்கிருந்துதான் வருமோ, தெருவே திரும்பிப் பார்க்கும். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் பெற்றவர்கள் போலீஸைத் தேட மாட்டார்கள், மாமாவைத்தான் தேடுவார்கள். "பச்சைச் சட்டை அணிந்த, அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாக வண்டியருகே வரவும்" என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும். எங்கிருந்தாலும் ஓடி வருவார்கள். அவர் கூப்பிட்டு வராத ஆள் கிடையாது என்பதில் மாமாவுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஸ்ரீ காமாட்சி சவுண்ட் சர்வீஸ் என்பது கம்பெனியின் பெயர். கம்பெனி என்றால் ஒரு குட்டி யானை வண்டி, மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்னால் பெட்டிகள், மாமா. கல்யாணம், காதுகுத்து, சாவு, கோயில், மசூதி, மாதா கோயில், எல்லாக் கட்சியும். காலையில் ஒரு கட்சிக்காரன் வீட்டு வாசலில் அவனை வானளாவப் புகழ்ந்துவிட்டு, சாயந்திரம் அதே வாசலில் எதிர்க்கட்சிக்காரனைப் புகழ்ந்து வருவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மைக்செட்காரனுக்குக் கட்சி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய தொழிலில் அவர் விடாமல் பிடித்திருந்த முறை ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். மாமா அதில் ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார், ஏன் எதற்கு என்று கேட்கவும் மாட்டார். இந்த ஞானம் சும்மா வரவில்லை. ஒருமுறை சாவு அறிவிப்பில், அழகாக இருக்கட்டுமே என்று "அன்னாரின் ஆசை மனைவி" என்று சொந்தமாகச் சேர்த்துவிட்டார். அன்னாருக்கு இரண்டு மனைவிகள். பிணத்தை வைத்துக்கொண்டு நடந்த சண்டையில் ஸ்பீக்கர் பெட்டியின் வலை கிழிந்தது. அன்றிலிருந்து சீட்டுதான் வேதம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வேலைக்குப் போய்த் திரும்பினாலும் எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையும்போது வால்யூமை ஒரு திருகு கூட்டி, "ஹலோ, மைக் டெஸ்ட்டிங், பாண்டு வந்தாச்சு" என்பார். அக்கா உடனே அடுப்பில் சோற்றுக்கு உலை வைப்பாள். பின்கட்டில் மூன்றாம் ரூமில் ஷாகினா மீன் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி மதில்மேல் வைப்பாள்.

ஷாகினாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது நிலம் போய், வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த துண்டில் மாமா வரிசையாக நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நாலிலும் வடக்கத்தியர்கள். மூன்றாம் ரூமில் ரஃபிகுல், மேற்கு வங்காளத்து மால்டாக்காரன், வண்டிப் பாகம் செய்கிற கம்பெனியில் வெல்டர். ஷாகினா அவன் பெண்டாட்டி. ஆம்பளைகள் முன்னால் வரமாட்டாள், திரைக்குப் பின்னாலிருந்துதான் எல்லாம். மாமாவை அவள் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். அவளுக்கு மாமா என்றால் அந்தக் குழாய்க் குரல்தான். குரல் வந்தால் கிண்ணம் மதிலேறும். கடுகு அரைத்து ஊற்றிய ஏரி மீன் குழம்பு. மாமா அதற்கு அடிமை. கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது இல்லையா, அக்கா அதில் கேழ்வரகு அடையோ, முருங்கைக்கீரைப் பொரியலோ வைத்து அனுப்புவாள். அந்த ஒரு சில்வர் கிண்ணம் இரண்டு வருஷம் மதிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய் வந்துகொண்டே இருந்தது. யாருடைய கிண்ணம் என்பதே மறந்துவிட்டது.

ரஃபிகுல் தன் கம்பெனிப் பையன்களிடம் தமிழ் கற்றவன். அதனால் மரியாதை என்ற சமாச்சாரமே அவன் தமிழில் கிடையாது. "மாமா, நாள் பூரா நீ இன்னா கத்துற? எனக்கு 'அன்பார்ந்த' மட்டும்தான் தெரியுது" என்பான். மாமாவை அன்பார்ந்த மாமா என்றே கூப்பிடுவான். மாமாவும் சிரிப்பார். ஆனால் அது அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை. ஊரே கேட்கிற தன் குரல், சொந்த வீட்டில் குடியிருப்பவனுக்கு வெறும் சத்தம்தானே என்று என்னிடமே ஒருநாள் சொல்லி வருத்தப்பட்டார்.

போன ஆகஸ்டு மாதம் பிரவீன்குமார் வந்தான். எங்கள் ஊர்ப் பையன்தான், மனை வாங்கி விற்கிறவன். இப்போது ஒரு பேரவையில் பொறுப்பாளர். அந்தப் பேரவையின் முழுப் பெயர் பேனரில் ஒரே வரியில் அடங்காது. சுதந்திர தினத்துக்கு ஒரகடம் ஜங்ஷனிலிருந்து வல்லக்கோட்டை வரைக்கும் கொடி ஊர்வலம், வண்டியும் குரலும் வேண்டும் என்றான். சீட்டைக் கொடுத்தான். தமிழ் எழுத்துதான், ஆனால் மாமாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"இது இன்னா பாஷ தம்பி?"

"இந்திண்ணா. தேசபக்தி கோஷம். மேலேர்ந்து வந்தது. எல்லா ஊர்லயும் இதேதான் சொல்றாங்க. நீங்க மொத பாதியச் சொன்னா போதும், பசங்க மீதியச் சொல்லிடுவாங்க."

மாமா அதற்கு மேல் கேட்கவில்லை. சீட்டு வந்துவிட்டது, வாசிக்க வேண்டியதுதான். ஆனால் இந்தத் தடவை அவர் முகத்தில் வழக்கத்துக்கு மீறிய ஒரு பிரகாசம். எனக்கு அது பிறகுதான் விளங்கியது. மாமாவைப் பொறுத்தவரை ஆந்திராவுக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தி. ரஃபிகுல் வீட்டில் பேசுவது வங்காளம் என்று நான் பத்துத் தடவை சொல்லியும் ஏறவில்லை. ஆக, இவ்வளவு காலத்துக்குப் பிறகு ரஃபிகுலின் பாஷையில் ஓர் அறிவிப்பு. இனி அவனுக்குப் புரியும். முன்கூட்டிச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று அவனிடம் காட்டாமல், வண்டிக்குள் உட்கார்ந்து தன் முனகல் குரலில் மனப்பாடம் செய்தார். "வாய் கோணிக்கப் போவுது" என்று அக்கா கேலி செய்தாள்.

பதினைந்தாம் தேதி காலையில் எங்கள் கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மெயின் ரோட்டில் மாமாவின் குரல் கேட்டது. பைக்குகள், டிராக்டர், கொடிகள். முன்வரிசையில் தேசியக் கொடி, பின்னால் போகப்போகக் காவிக் கொடி. நெற்றியில் ரிப்பன் கட்டிய பையன்கள். அதில் என் லைன் ட்ரெய்னி ஐயனார்கூட இருந்தான், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், ஹாஸ்டலில் தங்கியிருப்பவன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர்வலம் நேராக வல்லக்கோட்டைக்குப் போகவேண்டியது. பிரவீன்குமார் கையைக் காட்டினான், வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. மாமாவுக்கு அது எதிர்பாராத பரிசு. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கொடி, குட்டி யானையின் முதுகில் நின்றபடி வால்யூமைத் திருகினார்.

"குஸ்பைட்டியோ!" என்றார்.

"பாஹர் ஜாவோ!" என்றது கூட்டம்.

எனக்குத் தெரிந்த இந்தி எட்டுப் பத்து வார்த்தை. ஜல்தி, ருக்கோ, பாஹர். பாஹர் என்றால் வெளியே. லைனில் யாராவது மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றால் வடக்கத்தி சூப்பர்வைசர் அப்படித்தான் கத்துவார். வெளியே போ என்கிறார்கள், யாரை? சுதந்திர தினம் ஆயிற்றே, 'வெள்ளையனே வெளியேறு' என்பதைத்தான் இந்தியில் சொல்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் எப்போதோ போய்விட்டானே, இப்போது எதற்கு இவ்வளவு ஆத்திரம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதற்குள் வண்டி மாமாவின் வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

வாசலிலிருந்து பார்த்தால் பக்கவாட்டுச் சந்து வழியே பின்கட்டு ரூம்கள் தெரியும். மூன்றாம் ரூம் ஜன்னலில் ரஃபிகுல் நின்றிருந்தான். மாமா அவனைப் பார்த்துவிட்டார். இரண்டாம் வரியை எடுத்தார், குரல் அப்படியே எழும்பியது, மனப்பாடம் செய்ததெல்லாம் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார், கோயில் தேரில் நிற்பவர் சொந்தக்காரனைப் பார்த்துவிட்டு ஆட்டுவது மாதிரி. கூட்டம் முழுக்க அவர் கை காட்டிய திசையில் திரும்பியது.

ரஃபிகுல் ஜன்னலைச் சாத்தினான்.

பையன்கள் சந்துக்குள் ஓடினார்கள். கொடி கட்டியிருந்த கம்பாலேயே கதவுகளை அடித்தார்கள். நாலு கதவும் அதிர்ந்தன. ஷாகினாவின் தண்ணீர்க் குடம் உருண்டு சந்தெல்லாம் ஈரமாயிற்று. அக்கா "டேய், டேய்" என்று கத்தினாள், யார் காதிலும் விழவில்லை. மாமா மைக்கிலேயே, "தம்பிங்களா, கதவ அடிக்காதீங்க, அது நம்ம வூடு, உள்ள குடும்பம் கீது" என்றார். கூட்டம் சிரித்தது. பிரவீன்குமார் வண்டியில் ஏறி மைக்கை வாங்கி, சீட்டைப் பார்க்காமலேயே என்னென்னவோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் வந்த வேகத்திலேயே எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு கம்பு மட்டும் முறிந்து சந்திலேயே கிடந்தது, கொடி அதில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை எடுத்து உதறித் துணிக்கொடியில் காயப்போட்டாள்.

மத்தியானம் மாமா திரும்பி வந்தார். தெருவுக்குள் நுழையும்போது வழக்கம்போல் பாண்டு வந்தாச்சு என்றார். மதில்மேல் கிண்ணம் வரவில்லை. கிண்ணம் எங்கள் பக்கம்தான் இருந்தது, அதனால் என்று நினைத்தார். ஊர்வலத்தில் கொடுத்த லட்டுகளை அதில் போட்டுக்கொண்டு, "பசங்க ஓவரா ஆடிட்டானுங்க, ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்" என்று பின்கட்டுக்குப் போனார். குடத்தை நிமிர்த்தி வைக்க நானும் போனேன்.

ரஃபிகுல் கதவைப் பாதி திறந்தான்.

"இன்னாடா, இன்னிக்கு நான் சொன்னது புரிஞ்சிதா?" மாமாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"புரிஞ்சிது மாமா."

"எல்லாமே?"

"எல்லாமே புரிஞ்சிது." அவன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்பார்ந்த என்ற சொல் வரவில்லை. லட்டுக் கிண்ணத்தை வாங்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

"இன்னாச்சு இவனுக்கு? கதவ அடிச்சதுக்கு எம்மேல கோபமா?" என்று மாமா என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கோபம் மாதிரி இல்லை அது. பார்க்கக்கூடாத எதையோ பார்த்த முகம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் மூன்றாம் ரூம் பூட்டியிருந்தது. சாவி மதில்மேல், கிண்ணம் வைக்கும் இடத்தில் இருந்தது. அந்த வாரத்துக்குள் மற்ற மூன்று ரூமும் காலி. மாமா ஒவ்வொருவரிடமும் ஏன் ஏன் என்று கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேரவைக்காரர்கள் எடுத்த வீடியோ அதற்குள் வடக்கத்தியர் போன்களிலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டியில் நின்று மாமா முழங்குவதும், கையை நீட்டி ஆட்டுவதும், உடனே கதவுகள் அடிபடுவதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. கதவை அடிக்காதீங்க என்று அவர் சொன்னதை வெட்டியிருந்தார்கள்.

எனக்கு அந்த வீடியோவைக் காட்டியவர் மெயின்டனன்ஸில் இருக்கும் பீகார்க்காரர். இதில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி பாதித் தமிழில் சொன்னார். முதல் வரி, திருட்டுத்தனமாக நாட்டுக்குள் நுழைந்தவனே வெளியே போ. இரண்டாவது, போகாவிட்டால் என்ன செய்வோம் என்பது. மூன்றாவதைக் கேட்டபோது, "அது வேணாம் மேடம்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஐயனாரைப் பிடித்தேன். "நீ எதுக்குலே போன?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

"சுதந்திர தினத்துக்குக் கொடி ஊர்வலம்னாவக்கா. லீவுல ரூம்ல கெடந்து என்ன செய்ய, போனேன். எல்லாரும் கத்துனாவ, நானும் கத்துனேன். கதவ நான் அடிக்கல." அப்புறம், "ஒரு தடவதான் அடிச்சேன். எதுக்குன்னு தெரியலக்கா" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவன் செய்த பீஸ் அத்தனையையும் இரண்டாம் தடவை செக் செய்தேன். ஒன்றிலும் குற்றம் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. வண்டியின் டேஷ்போர்டிலிருந்து சீட்டை எடுத்து விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார், அர்த்தம் எங்கேயாவது ஒட்டியிருக்கும் என்பதுபோல். "நான் வெள்ளக்காரனச் சொல்றாங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றார். எனக்குத் திட்டவேண்டும்போல் இருந்தது. நானும் அதையே நினைத்தது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு, "மால்டா நம்ம நாட்லதான கீது?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"அப்ப அவன் எங்கேர்ந்து எங்க பூந்தான்?"

மாமா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நேராகப் பிரவீன்குமாரிடம் போனார். நானும் கூடவே போனேன், இவர் பேசுவது அவனுக்குக் கேட்கவேண்டுமே. அவன் நாற்காலி போட்டு, டீ சொன்னான்.

"உங்க வூட்டு ஆளுங்களச் சொல்லலண்ணா. அது பொதுவா சொல்றது."

"அப்ப ஏன் தம்பி என் வூட்டாண்ட நிறுத்தின?"

"பொதுவா நிறுத்தினோம்ணா."

"கதவ அடிச்சாங்களே?"

"பசங்க, உணர்ச்சில. நீங்க இன்னா, உங்க கொரலுக்கு டில்லி வரைக்கும் லைக் போட்டுக்கினு கீறாங்க. ஜனவரி இருபத்தாறுக்கும் நீங்கதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா "பொதுவா, பொதுவா" என்று முனகிக்கொண்டே வந்தார். அந்தச் சொல்லை அவர் எத்தனை ஆயிரம் தடவை மைக்கில் சொல்லியிருப்பார், பொதுமக்களே என்று. அன்றைக்கு அது அவருக்கே அந்நியமாகிப் போனது போலிருந்தது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ரஃபிகுல் தன்னை அந்தச் சீட்டை எழுதியவனாக நினைக்கக்கூடாது. ரூம் காலியானது, பேர் கெட்டது, எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "அவன் என்னைய அப்பிடியா நெனச்சிக்கினு போயிருப்பான்?" என்பார். அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை. ரஃபிகுல் இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்திருப்பதாக அவன் கம்பெனி ஆள் மூலம் விசாரித்து வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவா லட்டு பிடித்து, அந்தச் சில்வர் கிண்ணத்தில் போட்டு மூடி, "போய்ப் பார்த்துட்டு வாங்க. பிரியாவையும் கூட்டிக்கினு போங்க" என்றாள்.

குட்டி யானையிலேயே போனோம். இருங்காட்டுக்கோட்டையில் பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் ரூம்கள் வரிசை வரிசையாக இருந்தன. எந்த வரிசை, எந்தக் கதவு என்று தெரியவில்லை. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் ரஃபிகுல் என்று கேட்டால், தெரியாது என்று தலையாட்டினார்கள். கேள்வியை முடிக்கும் முன்பே தலையாட்டினார்கள். நான் கோடியிலிருந்த மளிகைக் கடையில் விசாரிக்கப் போனேன். கடைக்காரர் யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஸ்பீக்கர் கரகரத்தது.

மாமா தனக்குத் தெரிந்த வழியில் தேட ஆரம்பித்துவிட்டார்.

"ஹலோ, மைக் டெஸ்ட்டிங். மால்டாவிலிருந்து வந்திருக்கும் ரஃபிகுல் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வண்டியருகே வரவும். ரஃபிகுல் அவர்கள், எங்கிருந்தாலும்..."

முதலில் ஒரு கதவு மூடியது. அப்புறம் அதற்கடுத்தது. துணி துவைத்தவர்கள் சோப்பு நுரையோடு துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தி விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினாள். வரிசை முழுக்கக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டே போயின. நான் "மாமா, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவருக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டால் ஓடி வருவார்கள் என்ற பழக்கத்தில், முகத்தில் ஒரு நம்பிக்கையோடு இன்னொரு தடவையும் சொன்னார். அப்புறம்தான் தெருவைப் பார்த்தார். தெருவில் நானும் ஒரு நாயும்தான் இருந்தோம்.

கடைசி வரிசையிலிருந்து ரஃபிகுல் நடந்து வந்தான். இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தான். வண்டியில் ஏறி ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். எங்கள் வீட்டிலிருந்தபோது மாமாவுக்கு வண்டியில் பெட்டி ஏற்றி இறக்கிக் கொடுத்தவன், எந்தப் பொத்தான் என்று தெரியும்.

"மாமா, மைக்ல எம் பேர் சொல்லாதீங்க" என்றான்.

சொல்லாதீங்க என்றான். யார் அவனுக்கு அந்த மரியாதையைக் கற்றுக்கொடுத்தார்களோ.

"நான் எழுதலடா. அர்த்தம் தெரியாதுடா எனக்கு."

"நீங்க எழுதல. தெரியும் எனக்கு. உங்களுக்கு இந்தி வராது." ரஃபிகுல் மாமாவின் கையைப் பார்த்தான். "ஆனா கை ஏன் ஆட்டினீங்க? எங்க ஜன்னல் பாத்து ஏன் கை ஆட்டினீங்க?"

"உன்னப் பாத்துதான்டா ஆட்டினேன். இன்னிக்காவது நான் சொல்றது உனக்குப் புரியுமேன்னு."

ரஃபிகுல் அவரைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி கோணிற்று. சிரிக்கப் போகிறானா அழப் போகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

அவன் ரூம் கதவும் மூடியிருந்தது. தட்டினான், திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாளை ஒரு கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது கதவின் அசைவில் தெரிந்தது. மாமா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவருகே போனார். "ஷாகினாம்மா, தப்பா நெனச்சிக்காதம்மா. எனக்குத் தெரியாம நடந்து போச்சும்மா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. மைக் இல்லாத அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளேயிருந்து அவள் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். ரஃபிகுல் மாமாவைப் பார்த்தான்.

"இன்னா கேக்குது?"

"வெளிய ஒரு ஆள் பேசுறான், யார்னு கேக்குறா. மைக் மாமான்னு சொல்லட்டா?"

மாமா கதவைப் பார்த்தார். திரும்பி, தூரத்தில் நின்ற வண்டியையும் அதன் மேலிருந்த இரண்டு குழாயையும் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "கிண்ணம் குடுக்க வந்த ஆள்னு சொல்லு."

ரஃபிகுல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் தெருவுக்குள் வண்டி நுழைந்தது. மாமா மைக்கைத் தொடவில்லை. உள்ளே அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, வந்தது தெரியவேயில்லியே. இன்னும் உலைகூட வைக்கல" என்றாள்.